நான்கு பார்க்கர்களும் என் தங்கச்சியும்

ஈரப் பாசியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கும்போது எழும் பச்சை வாடைதான், உடப்புசல்லாவை ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கழிந்த என் சிறுவயதின் வாடை. "தொரைமார் சர்ச்சு" வளவில் நான்கு கல்லறைகள்; நான்கிலும் பார்க்கர் என்றே பெயர். காலைப் "பெரட்டில்" வேலை பிரிக்கும்போது அவற்றைத் தேய்த்துக் கழுவும் வேலை அம்மாவுக்கே விழும். பள்ளி இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். காட்டை அழித்துத் தேயிலை வைத்த பார்க்கர், ஃபேக்டரி கட்டிய பார்க்கர், நீதவான் பார்க்கர், குதிரைப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய பார்க்கர் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். சொந்தப் பாட்டன் பெயரைக் கேட்டிருந்தால் முழித்திருப்பேன், வெட்கக்கேடு!

நான் நான்காம் வகுப்பில் இருந்த மழைக்காலத்தில், மூன்று வயதுத் தங்கச்சி செல்வி காய்ச்சலில் கிடந்து, தோட்டத்து லொறி வந்து சேர்வதற்குள் செத்துப்போனாள். எங்கள் ஆட்களைப் புதைக்கும் ஆற்றோரச் சரிவில் அவளைப் புதைத்த அப்பா, கல் வைக்க வழியில்லாமல் ஒரு ரோஜாக் குச்சியை நட்டுவிட்டு வந்தார். மறு வருடமே அந்தச் சரிவில் தேயிலை போட உத்தரவு வந்தது. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் காலில் அம்மா விழுந்தாள்.

"ஐயா, எம்புள்ள படுத்திருக்கா. அந்தக் கையகல எடத்த மட்டும் விட்டுருங்கய்யா."

"கல்லு கில்லு இருக்கா? ஆளுக்கொரு எடம் விட்டா தேயிலைய என் தலையிலயா நடுறது? எந்திரி, போ."

தேயிலைக்குக் குழி வெட்டியவர்கள் எங்கள் லயத்திலேயே பக்கத்து வீடுகளில் இருந்த ஆட்கள்தாம். அவர்களை ஏசி என்ன பயன்? செடிகள் வளர்ந்ததும் கொழுந்து பறிக்க அம்மாவையும் அங்கேதான் அனுப்பினார்கள். ஒரே ஒரு செடியில் மட்டும் அவள் கை வைக்கமாட்டாள். "அது கெடக்கட்டும்" என்பாள். கங்காணி எவ்வளவு கத்தினாலும் மற்றப் பெண்களும் அதைத் தொடாமல் தாண்டிப் போவார்கள். நான் அப்போது ஹட்டனில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த பிறகு கவ்வாத்து வெட்டியதில் எல்லாச் செடிகளும் ஒரே மட்டமாகிவிட்டன.

போன மாதம் பார்க்கர் வழியில் வந்த ஒரு பெண் இங்கிலாந்திலிருந்து வந்தாள். தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியை என்பதால் என்னைத்தான் கூட அனுப்பினார்கள். நான்கு கல்லறைகளையும் காட்டி, யார் யார் என்று சொன்னேன். இவ்வளவு காலம் துடைத்து வைத்திருக்கிறீர்களே என்று என் கையைப் பிடித்து அழுதாள். உங்கள் ஆட்களை எங்கே புதைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். சரிவைக் காட்டி, தங்கச்சி அங்கே என்றேன்.

எந்த இடம் என்றாள்.

தெரியாது என்றேன். அம்மா கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாட்களிலாவது எந்தச் செடி என்று கேட்டிருக்கலாம், பாவி, கேட்கவில்லை.