ஹான் சாருக்கு வாங்கிய பொன்னாடை

சோலைமுத்துவுக்கு யாரையும் சும்மா வழியனுப்பத் தெரியாது. கேம்ப் வாட்ச்மேன் லீவில் போனாலும் பொன்னாடை போர்த்துவான். அருப்புக்கோட்டைப் பக்கம் கட்சிக் கூட்டங்களில் வளர்ந்தவன், ஷார்ஜாவுக்குக் கம்பி கட்ட வந்தும் திருந்தவில்லை. எனக்கு ரூம்மேட்டும் அவன்தான், தலைவலியும் அவன்தான்.

எங்கள் ரூமிலேயே இருந்த வியட்நாம் வெல்டர் துவான் என்றால் அவனுக்கு உயிர். நாலு இந்தி வார்த்தை, நாலு அரபி வார்த்தையை வைத்துக்கொண்டே இருவரும் குடும்பக்கதை பேசுவார்கள். துவானுக்குக் கான்ட்ராக்ட் முடிகிற நேரம். மகள் காலேஜில் படிக்கிறாள். கம்பெனியோ ஆள் குறைக்கிறது. அவன் இருப்பதும் போவதும் சைட் மேனேஜர் ஹான் சார் கையில்.

ஹான் சார் கொரியாக்காரர். தங்கமான கிழவர். வெயிலில் சோலைமுத்து சுருண்டு விழுந்தபோது, தன் வண்டியிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர். அவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும் இவன் மூளை வேலை செய்தது. துவான் கையால் பொன்னாடை போர்த்தினால் அவர் மனம் இளகும், கான்ட்ராக்ட் கிடைத்துவிடும். "உனக்கெதுக்குடா இந்த வேலை?" என்றேன். கேட்டால்தானே! ரோலா கடைத்தெருவுக்குப் பஸ் ஏறி ஜரிகைச் சால்வை வாங்கி வந்தான்.

மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் துவான் சால்வையை விரித்தான். எந்த ஊர் என்று ஹான் சார் கேட்டார். பின்தின் மாகாணம் என்றான். கிழவர் முகம் வெளுத்தது.

"அங்கே இருந்திருக்கிறேன். பட்டாளத்தில்" என்றார் ஆங்கிலத்தில்.

துவான் சால்வையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

சோலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏண்ணே, வியட்நாம்ல சண்டை போட்டது அமெரிக்காக்காரய்ங்கதான? கொரியாக்காரய்ங்க எதுக்கு அங்க போனாய்ங்க?"

எனக்கு மட்டும் தெரியுமா? போனில் தேடினேன். அமெரிக்காவுக்குத் துணையாகக் கொரியா மட்டும் மூன்று லட்சம் பேரை அனுப்பியிருக்கிறது. தாய்லாந்து, ஆஸ்திரேலியாகூடப் போயிருக்கின்றன.

"அடப்பாவிகளா! அத்தன பேருமா?"

ரூமில் துவான் இடுப்பளவுக்குக் கையைக் காட்டினான். அப்போது அவன் அம்மா அவ்வளவு உயரம்தான். "கொரியா ஆர்மி. மா பச் கயி. பாக்கி சப் கலாஸ்." அம்மா ஒருத்திதான் தப்பினாள், மற்ற அத்தனை பேரும் முடிந்தார்கள்.

"ஹான் சாருமாண்ணே சுட்டாரு?" என்று சோலைமுத்து என்னைக் கேட்டான். அதை யார் கண்டது?

மறுநாள் காலையில் ஹான் சாரே கேம்புக்கு வந்தார். கையில் துவானின் புதிய கான்ட்ராக்ட், கையெழுத்தோடு. துவானிடம் நீட்டித் தலை குனிந்து நின்றார். துவான் வாங்கினான். கிழவர் வண்டியை நோக்கித் திரும்பியதும் இந்த முட்டாள் சோலைமுத்து ஓடிப்போய்ப் பொசுக்கென்று அவர் காலில் விழுந்தான். துவான் பார்த்துக்கொண்டே நின்றான்.

வண்டி போன பிறகு துவான் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டான். பிறகு மெத்தையைச் சுருட்டினான். அடுத்த பிளாக்கில் ஒரு கட்டில் காலியாம்.

"உசுரக் காப்பாத்துன மனுசண்ணே. கால்ல விழாம எப்படிண்ணே?" என்றான் சோலைமுத்து.

கனமான மெத்தை, ஒரு ஆளால் ஆகவில்லை. மறுமுனையைச் சோலைமுத்துதான் பிடித்துக்கொண்டு, அடுத்த பிளாக் வரைக்கும் அழுதுகொண்டே போனான்.