டெல்பின் போட்ட நிபந்தனை

யாராவது பாராட்டினால், இவருக்கு நம்மிடம் என்ன காரியம் ஆக வேண்டும் என்றுதான் டெல்பினுக்கு முதலில் தோன்றும்.

தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் அவளுக்கு இறால் உரிக்கிற வேலை. சேர்ந்த புதிதில் சூப்பர்வைசர் ஒருவர், "ஒன் கை மிஷின் மாதிரி ஓடுதே" என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்தார். அடுத்த வாரமே, டெல்பினால் முடிகிறதே என்று சொல்லி எல்லாருக்கும் வேலையை ஏற்றிவிட்டார். மற்ற பெண்கள் வெகுநாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர்களை மறுபடி சிரிக்க வைத்தது அவளுடைய இன்னொரு திறமை. ஒருவரை ஒரு தடவை பார்த்தால் போதும். நடை, பேச்சு, இருமல் எல்லாவற்றையும் அப்படியே செய்துகாட்டுவாள்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கயத்தாறிலிருந்து புதிதாக வந்திருந்த தர அதிகாரி சரண்யாதேவியைப் போல மூக்கைச் சொறிந்துகொண்டே நடந்துகாட்டினாள். திடீரென்று சிரிப்பு நின்றது. வாசலில் சரண்யாதேவியே நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னொருக்க செய்யுங்க."

"நான் ஒண்ணும் செய்யலியே மேடம்."

டெல்பினின் கண் அவள் கையிலிருந்த செல்போனிலேயே இருந்தது. படம் பிடித்திருப்பாளோ? அதன்பிறகு சரண்யாதேவி மேனேஜரோடு எதைப் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று பட்டது.

கம்பெனியில் பாதுகாப்பு வாரம் வந்தது. "வருஷாவருஷம் யாராவது பேசுதாங்களாம், எல்லாரும் தூங்குதாங்களாம். நீங்க நடிச்சா கேப்பாங்க அக்கா. என்னையவே நடிங்க" என்றாள் சரண்யாதேவி.

பக்கத்தில் உட்கார்ந்து உரிக்கும் ஞானசௌந்தரி டெல்பினைத் தனியே இழுத்துப் போனாள். "ஏளா, மாட்டிக்கிடாத. ஆடவிட்டுட்டு, அதையே சாக்கா வச்சு வெளிய அனுப்பிருவாவ."

டெல்பினுக்கும் அதே பயம்தான். ஆனாலும் மேடையேறும் ஆசை விடவில்லை. யோசித்து ஒரு நிபந்தனை போட்டாள்.

"நான் ஆபீசர். நீங்க எறா உரிக்கிறவ. என்கூட மேடையேறணும். சம்மதமா மேடம்?"

போனால் இரண்டு பேர் வேலையும் சேர்ந்தே போகட்டும் என்று நினைத்தாள். சரண்யாதேவி உடனே சரி என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது.

நிகழ்ச்சி அன்று சரண்யாதேவி கையுறை இல்லாமல் மேடையில் உட்கார்ந்து இறால் உரித்தாள். அதிகாரியாக வந்த டெல்பின் மூக்கைச் சொறிந்துவிட்டு, "கையுறை எங்க?" என்றதும் கூடமே குலுங்கியது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த டெல்பினுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

"எத்தன தடவ கேட்டாச்சு மேடம், ஸ்டோர்ல இல்லங்காங்களே!" என்றாள் சரண்யாதேவி.

பேசிவைத்த வசனம் இல்லை அது, ஆனால் நிஜம். டெல்பின் சட்டென்று தொந்தியை முன்னே தள்ளி, மேனேஜரின் குரலில், "நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்" என்றாள். எல்லாரும் மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மேனேஜரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மறுவாரம் புதுக் கையுறைகள் வந்தன.

"இதுல ஒங்களுக்கு என்ன லாபம் மேடம்?" டெல்பின் நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் மூக்கச் சொறியுதது எனக்கே தெரியாதுக்கா. இவ்வளவு உத்துப் பாக்கவங்க சோத்து நேரத்துல மட்டும் செஞ்சா போதுமா?"

டெல்பின் முழுசாக நம்பவில்லை. ஆனால் அந்த வருஷம் தன் தெருவில் போட்ட கிறிஸ்துமஸ் நாடகத்தில், ஆண்கள் முணுமுணுக்க, அவர்களே வழக்கமாகப் போடும் ஏரோது ராஜா வேஷத்தைத் தானே கேட்டு வாங்கினாள். முன்வரிசையில் சரண்யாதேவிக்கு ஒரு நாற்காலியும் போட்டுவைத்தாள்.