தட்டினவனுக்குப் போர்டில் இடமில்லை

சின்னமனூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுசுயாவின் கோழிக்கடைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் கறிக்காகப் போவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி கூண்டுக்குள் ஆட்கள் மோதிக்கொள்கிற நேரம் நமக்கு ஞாயிறு காலை. குத்து, உதை, மல்லு எல்லாம் கலந்த சண்டை. எம்.எம்.ஏ. என்கிறார்களே, அதுதான். கல்லாவுக்கு மேலே டிவியில் அது ஓடும், கீழே வெட்டுக்கட்டையில் கத்தி விழும். கறி வாங்க வந்த பொம்பளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சண்டை வரை பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள்.

விலை எழுதும் கரும்பலகையின் மேல் பாதியில் உயிர்க்கோழி கிலோ இவ்வளவு, கறி கிலோ இவ்வளவு என்று இருக்கும். கீழ்ப் பாதியில் ஐந்து பேர். ஒல்லியோ குண்டோ, எந்த எடைப் பிரிவுக்காரனாக இருந்தாலும் சரி, எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தினால் எவன் பெரியவன் என்று அனுசுயா போடும் வரிசை அது. அந்த வீரர்களின் நிஜப் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அதனால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம். பிடித்தால் விடாத சின்ன எடைக்காரன் உடும்பு. அடி வாங்கினாலும் சிரிக்கிறவன் மாப்பிள்ளை. என் ஆள் யானை. நூற்றிருபது கிலோ!

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டி வாழைத்தார் ஏற்றுகிறவன். பாரம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? "யானை சும்மா மேல சாஞ்சாலே போதும், உன் உடும்பு சட்னி" என்பேன்.

"சுருளியண்ணே, உயிர் எடைய வச்சுப் பேசாதீக" என்பாள் அனுசுயா, கையிலிருக்கும் கோழியை உரித்துக்கொண்டே. "றெக்கை, தோலு, குடலு எல்லாத்தையும் கழிச்சிட்டுக் கறி எடையப் பாருங்க. உங்க யானை பாதிகூடத் தேறாது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுண்ணே."

"யானை படுத்தாலும் குதிரை மட்டம், தாயி!"

இப்படியே மத்தியானம் வரை போகும். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஆனால் அவளுடைய வரிசைக்கு ஒரு சட்டம் இருந்தது. இந்தச் சண்டையில் கையோ கழுத்தோ பிடியில் சிக்கி, இனித் தாங்காது என்றால், உள்ளங்கையால் எதிராளியையோ தரையையோ தட்டலாம். உடனே விட்டுவிடுவார்கள். ஆட்டம் தோல்வி, ஆனால் உடம்பு தப்பிக்கும். அனுசுயாவுக்கு மட்டும் அது ஆகாது. போர்டில் இருக்கிறவன் எவனாவது தட்டிவிட்டால் ஈரத்துணியை எடுத்து ஒரே இழுப்பு. "தட்டுனவனுக்குப் போர்டுல எடமில்ல" என்பாள். பங்குனியில் யானையின் கழுத்து ஒருவனிடம் சிக்கியது. தட்டினான். என் கண்ணெதிரே அழித்தாள். எனக்கு வந்ததே கோபம்! ஒரு மாதம் உத்தமபாளையம் போய்க் கறி வாங்கினேன். "கடல் தாண்டி எவனோ தோத்தா ஒமக்கு என்னய்யா?" என்றாள் என் பெண்டாட்டி. அவளுக்கு என்ன தெரியும்.

அனுசுயா ஏன் அப்படி என்பது எனக்குத் தெரியும். அவள் புருஷன் பாண்டீஸ்வரன் பைக் விபத்தில் போனபோது அவளுக்குக் கோழியைப் பிடிக்கக்கூடத் தெரியாது. கருமாதி முடிந்ததுமே கொழுந்தன்மார் வந்து, கடையைக் கொடுத்துவிட்டு ஜெயமங்கலத்துக்குப் பிறந்த வீட்டோடு போய்விடு என்றார்கள். "அங்கன போயி மூலைல ஒக்காரவா?" என்று கேட்டுவிட்டு மறுநாளே கடையைத் திறந்தாள். கோழியை விடத் தன் விரலைத்தான் அதிகம் வெட்டிக்கொண்டாள் அப்போது. சொந்தபந்தம் பேச்சை நிறுத்தியது, கோயில் கும்பிடுக்குக் கூப்பிடவில்லை. அவள் அசையவே இல்லை. "நான் தட்டலைண்ணே" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவளுக்கு அது பெருமை. எங்களுக்கும்தான்.

துணைக்கு ஜெயமங்கலத்திலிருந்து தன் தம்பி தமிழ்மாறனைக் கூட்டி வந்தாள். இங்கேயே வளர்ந்து, ஐடிஐ முடித்து, கடையையும் பார்த்துக்கொண்டு, தேனியில் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து அவனே சண்டைக்காரன் ஆகிவிட்டான். அறுபத்தொரு கிலோ பிரிவு. மீசை முளைக்கும் முன்பிருந்தே அந்தப் போர்டைப் பார்த்து வளர்ந்தவன். அதை நாங்கள் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

போன ஆடியில் தேனியில் போட்டி. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடக்கும். மணவறை போடுகிற இடத்தில் கூண்டு போட்டிருந்தார்கள். என் குட்டியானையில்தான் மூன்று பேரும் போனோம். முன்வரிசையில் அனுசுயா, பக்கத்தில் நான்.

எதிராளி குமுளிக்கு அந்தப் பக்கத்து மலையாளத்துப் பையன். நீளக் கை, அமைதியான முகம். முதல் சுற்றில் தமிழ்மாறன் அவனைப் பின்னி எடுத்தான். "அப்படிப் போடு ராசா!" என்று அனுசுயா போட்ட சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. இரண்டாவது சுற்றில் கால் இடறி மல்லாக்க விழுந்தான். அந்தப் பையன் மின்னலாகத் திரும்பி, இவன் இடது கையைத் தன் தொடைகளுக்கு நடுவில் இறுக்கி, கரும்பை முறிக்கிற மாதிரி வளைக்க ஆரம்பித்தான்.

"தட்டு! தட்டு!" என்று பயிற்சியாளர் கத்தினார்.

தமிழ்மாறன் தட்டவில்லை. முழங்கை போகக்கூடாத பக்கம் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையைத் திருப்பினான். பயிற்சியாளரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அடி ஆத்தீ! அவன் கண்ணுக்குள் அந்தப் போர்டும் ஈரத்துணியும் ஓடுவது எனக்கே தெரிந்தது. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா?

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். கூண்டோரம் முழங்காலிட்டு விழுந்தாள். "தம்பி, தட்டுடா! அக்கா சொல்றேன்ல, தட்டுடா!"

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

அனுசுயா தன் உள்ளங்கையை ஓங்கித் தரையில் அடித்தாள். பட், பட், பட். கொழுந்தன்மாருக்கு முன்னால் அசையாதவள், அத்தனை சனத்துக்கு நடுவில் தலைமுடி கலைய, தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் அதைப் பார்த்தான். அப்புறம்தான் அவனுடைய வலது கை மெல்ல உயர்ந்து அந்தப் பையனின் தொடையைத் தட்டியது. நடுவர் பாய்ந்து பிரித்தார்.

அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. டாக்டர் கையை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தார். "எலும்பு, தசைநார் எல்லாம் தப்பிச்சிருச்சும்மா. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா போயிருக்கும்" என்றார். அந்த மலையாளத்துப் பையன் ஜெயித்ததைக் கொண்டாடாமல் இவளிடம் வந்து, "பேடிக்கண்டா சேச்சி, ஒண்ணும் பற்றியிட்டில்லா" என்றான். பயப்படாதீர்கள், ஒன்றும் ஆகவில்லை என்கிறான். அவன் கன்னத்தைத் தடவி, "நல்லா இருய்யா" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

அதே வண்டியில் ஊர் திரும்பினோம். வீரபாண்டி கோயில் பக்கம் வரும்போது தமிழ்மாறன் மெல்லச் சொன்னான். "அக்கா, நான் தட்டிட்டேன்."

"ஏலே கூறுகெட்டவனே!" என்று நான் ஆரம்பித்தேன். அவள் விடவில்லை. "போர்டு கெடக்கு பெரிய போர்டு! கை போயிருந்தா அத வச்சு நாக்கு வழிக்கவா? செத்தே போயிட்டேன்டா நானு!" என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வைத்தவள் அப்படியே அவன் தோளில் சாய்ந்து அழுதாள். அழுகை நின்றதும் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். கோயிலுக்குள் போய்த் திருநீறு வாங்கி வந்து அவன் முழங்கையில் பூசினாள். மூன்று பேரும் டீயும் வடையும் சாப்பிட்டோம். அந்த மாதிரி ருசியான வடை நான் தின்றதே இல்லை.

அடுத்த ஞாயிறு கடையில் நல்ல கூட்டம். போர்டில் விலை மட்டும் இருந்தது, கீழ்ப் பாதி காலி. தமிழ்மாறன் கையில் கட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கூட்டுறவு பேங்கில் வேலை பார்க்கும் வைகுண்டராஜுக்கு வாய் சும்மா இருக்காதே. "என்ன அனுசுயா, தட்டுனவனுக்கு எடமில்லைன்னு சொல்வீக. தேனியில யாரோ தட்டுனாகளாமே?" என்றார்.

தமிழ்மாறன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த ஆளை ஒரு அறை விடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது.

அனுசுயா கத்தியைக் கீழே வைத்தாள். "நாந்தேன் தட்டுனேன்" என்றாள். "அங்கன மொதல்ல தட்டுனது நாந்தேன். அதுக்கு என்ன இப்போ?"

அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, சாக்பீஸை எடுத்து எழுதினாள். உடும்பு. மாப்பிள்ளை. அப்புறம் ஒருவன். நாலாவதாக, என் பக்கம் திரும்பாமலே, யானை.

"நாலாவதா? என் யானை நாலாவதா?" என்று நான் துள்ளினேன்.

"உயிர் எடைய வச்சுப் பேசாதீகண்ணே!"

எங்கள் வீட்டில் அன்றைக்கு விரதம். கறி வாங்கிக்கொண்டு போனால் பெண்டாட்டி வாசலிலேயே நிறுத்துவாள். "ரெண்டு கிலோ போடு தாயி" என்றேன். தமிழ்மாறன் கட்டுப் போட்ட கையாலேயே பையை எடுத்து என்னிடம் நீட்டினான். அந்தக் கை நேராக நீண்டது, திரும்ப மடங்கியது. அனுசுயா யானையையும் உடும்பையும் விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.