கிணற்று மீனும் மூன்று பியூஸ் கட்டைகளும்

ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் மீன் குத்தக் கற்றுக்கொண்டேன் என்று இன்றும் வெளியில் சொல்லித் திரிகிறேன். உண்மையில் அந்த லீவு முழுக்க என் ஈட்டியில் ஏறியது ஒரே ஒரு வாழைமட்டைதான். எல்லாம் மாமாவால் வந்தது. நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போடப் போனவர், ஏதோ கடற்கரையில் கண்ணாடி மாட்டி மூழ்கி மீன் குத்தப் பழகிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஜிலேபி மீன் கொழுத்துக் கிடந்தது. மூங்கில் குச்சி, குடைக்கம்பி, லாரி டியூப்பில் அறுத்த ரப்பர், ஈட்டி தயார். கிணற்றில் விளையாடுவது அப்பாவுக்கு ஆகவே ஆகாது. தெரிந்தால் ஈட்டி அடுப்புக்குப் போய்விடும் என்பதால் எல்லாம் ரகசியமாக நடந்தது.

எனக்கு நீச்சல் நன்றாகவே வரும். ஆனாலும் மாமா இரண்டு நாள் என்னைப் படியில் உட்காரவைத்து மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். மூச்சு விட! பிறந்ததிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருந்தேனாம்?

"முட்ட முட்ட மூச்ச அடக்கி வீரங்காட்டக் கூடாது அம்முணி. உள்ள இருந்த நேரத்துக்கு ரெண்டு பங்கு மேல இருந்து ஆத்திக்கோணும். தனியா எறங்கவே கூடாது."

"அப்ப மீன எப்பத்தானுங்க மாமா குத்தறது?"

"மொதல்ல வாழமட்டையக் குத்து."

குத்தினேன். நாலாம் நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினேன். ஈட்டி வரவில்லை. மோட்டார் ரூமிலிருந்து பிடுங்கிய மூன்று பியூஸ் கட்டைகள் வந்தன.

கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் கிணற்றுத் தண்ணீருக்குள் கிடந்த மோட்டார் தானாக ஓடும்படி அப்பா வைத்திருந்தார்.

"உள்ள ஆளிருக்கையில மோட்டாரு ஓடக் கூடாது. நான் மேல வந்து கேக்கற வரைக்கும் ஆரு கேட்டாலும் குடுத்துராத. இன்னிக்கி நீதான் காவலு" என்று சொல்லிவிட்டு மாமா குதித்தார். மீன் அவருக்கு, பீங்கான் கட்டை எனக்கு. என்ன நியாயம் இது? மோட்டார் சத்தத்தில் மீன் கலைந்துவிடும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கரண்ட் வந்தது. கூடவே அப்பாவும் வந்தார்.

"பியூஸ ஆரு புடுங்குனது? குடு சாமி, மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டோணும்."

"தர மாட்டேனுங்க."

"ஏன்?"

சொன்னால் ஈட்டி போய்விடும். ஓடினேன். கிணற்றை நாலு சுற்று அவர் துரத்தினார், சாமி கழுதையானது. மூச்சு வாங்க நின்றவர், "நீயே வெச்சுக்க" என்று மோட்டார் ரூமுக்குள் போய், மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கட்டைகள் இருந்த இடத்தில் செம்புக் கம்பித் துண்டுகளைச் செருகினார். நான் பட்ட பாடெல்லாம் வீண்! மறுபடி மெயினில் கை வைத்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "போடாதீங்கப்பா! மாமா உள்ள மீன் குத்தறாரு! மோட்டாரப் போட்டா மீனெல்லாம் ஓடிரும்!"

அப்பாவின் கை தானாகக் கீழே விழுந்தது. வெளியே வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். மாமாவின் தலை மேலே வந்தது, கூடவே துடிக்கிற மீன். "அம்முணி, பாத்தியா!" என்றவர், அப்பாவைக் கண்டதும் பேச்சை விழுங்கிக்கொண்டு ஏறி வந்தார். இரண்டு விளாசலாவது விழும் என்று நின்றேன். அப்பா மோட்டார் ரூமைக் கைகாட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். உள்ளே கம்பிகளைப் பார்த்துவிட்டு வந்த மாமாவும் அவர் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மீன் மண்ணில் துள்ளிக்கொண்டிருந்தது. காவல் காத்தவளுக்கு அதை எடுத்துக் கொடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அந்த ஆத்திரத்தில் நின்ற என்னை அப்பா இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

நாலு சுற்று ஓடியதற்கே இப்படியா, அப்பாவுக்கு வயதாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.