வலது என்றால் இடது

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மேல் எது, கீழ் எது என்பதில் இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. இடம் வலம்தான் தகராறு. செருப்பைக்கூட ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் காலை நுழைப்பார்.

இப்பேர்ப்பட்டவர் ரூபி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு லைப்ரரி, அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் புரோகிராம் தொகுப்பு, எழுதினார் என்றால் அதற்குக் காரணம் அவருடைய அக்கா. டாக்டர்கள் பேசி அனுப்பும் ஆடியோவைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துத் தருவது அக்காவின் வேலை. ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் ஓய்ந்துபோனது. டைப் அடிக்க இடது கை போதும். அதே கையால் மவுஸையும் பிடித்து விண்டோக்களை இழுத்துக்கொண்டிருக்க முடியாது. திரையில் எந்த விண்டோ எங்கே நிற்பது என்று பார்த்துக்கொள்ள விண்டோ மேனேஜர் என்றொரு புரோகிராம் உண்டு. ஒரே பட்டனைத் தட்டினால் அதற்குக் கட்டளை போகும்படி தம்பி செய்து கொடுத்தார். ஊருக்கும் உதவட்டும் என்று இணையத்திலும் போட்டுவைத்தார். பதினொரு முறை இறக்கப்பட்டது. ஒன்பது முறை இறக்கியவர் அவரே.

மிச்சமிருந்தவர்களில் ஒருவர் வருடம் தவறாமல் மின்னஞ்சலில் கடிதம் போடுவார். ‘ஐயா, வலது பக்கம் நகர்த்தச் சொன்னால் இடது பக்கம் போகிறது.’ மெக்கானிக் படிப்பார், வெட்கப்படுவார், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

இந்த மாதம் விண்டோ மேனேஜர் புதுப் பதிப்புக்கு மாறியது. பழைய கட்டளை ஒன்றும் அதன் காதில் ஏறவில்லை.

“எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா கிடக்குடா” என்றார் அக்கா. “திங்கக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள நாப்பது ரிப்போர்ட் குடுக்கணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து கட்டளைகளை ஒவ்வொன்றாக மாற்றினார். கையோடு கையாக இடம் வலத்தையும் சரிசெய்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போதுதான். அக்காவின் கம்ப்யூட்டரில் ஏற்றினார், ஊருக்கும் வெளியிட்டார், நிம்மதியாகத் தூங்கினார்.

திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு லிஃப்டின் கூரைமேல் அவர் நின்றிருந்தபோது போன் வந்தது.

“என்னடா பண்ணி வச்ச?”

“சரி பண்ணேன்க்கா. இப்ப வலதுன்னா வலது.”

“உன்ன யாரு கேட்டா? ஆறு வருஷமா என் கை வேற மாதிரி பழகிருக்கு. பாக்காம தட்டி, முழங்கால்காரர் ஃபைல்ல இன்னொருத்தரோட இதயத்த அடிச்சு வச்சிருக்கேன். இருக்கிறது ஒரு கை. அதையும் குழப்பிட்டியே!”

மெக்கானிக் கூரையிலிருந்து இறங்கினார். லிஃப்டில் ‘பழுது’ பலகையை மாட்டிவிட்டு, மாடிப்படியில் லேப்டாப்பை விரித்து, சரியாக இருந்ததைப் பத்து நிமிடத்தில் தப்பாக்கி அனுப்பினார். விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தார்: ‘வலது என்றால் இடது. இது பிழை அல்ல.’

நாற்பதாவது ரிப்போர்ட் பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தபோது அந்தப் பழைய கடிதக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. மெக்கானிக் சத்தமாகப் படித்தார். ‘ஐயா, இன்று காலை வலது என்றால் வலது போனது. ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் பழையபடி ஆனது. இனி தயவுசெய்து சரிசெய்துவிடாதீர்கள்.’

அக்கா சிரித்தார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும். இடது பக்கம். அதில் மட்டும் தம்பிக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.