பந்தல் என்ற ஃபைலுக்குள் ஜீப்

என் மாமா மகள் என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். அந்த எட்டு மாதத்தை நான் இன்று வரை தாண்டவே இல்லை. குர்ஆனை அவள்தான் முதலில் ஓதி முடித்தாள், சைக்கிளை அவள்தான் முதலில் ஓட்டினாள், பத்தாவதில் மார்க்கும் அவளுக்குத்தான் கூட. கம்பத்தில் எங்கள் இரண்டு வீடும் ஒரே தெருவில். அவளுக்கு நடக்கும் நல்லது எதுவானாலும் எங்கள் வீட்டுக்குள் ஒரு நடை வந்துவிட்டுத்தான் போகும். "அவளப் பாருடி" என்று அம்மா ஆரம்பிக்கும்போதே எனக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும்.

கல்லூரியிலும் ஒரே வகுப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ். மூன்றாம் வருடம் கண்காட்சிக்கு ஆளுக்கொரு கதை விளையாட்டு செய்யச் சொன்னார் லேப் சார். படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். திரையில் கதை ஓடும். ஓர் இடத்தில் நின்று, இப்போது நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். படிப்பவர் அடிக்கும் பதிலைப் பொறுத்துக் கதை வேறு பக்கம் திரும்பும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேரை எங்கிருந்தோ இறக்கி வைத்திருந்தார். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்போம். இருப்பதில் நல்லதாக ஒன்றை மட்டும் மதுரையில் நடக்கும் போட்டிக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார். அந்த ஒன்று என்னுடையதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை அவள் எனக்குப் பின்னால் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

எங்கள் இருவருக்கும் ஒரே மெஷின். முதல் நாள் ஃபைலுக்குப் பெயர் கேட்டது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதை எழுதினாலும் உச்சியில் அல்லாவின் பெயருக்கு அடையாளமாக 786 போட்டுத்தான் தொடங்குவோம், கம்ப்யூட்டரிலும் அப்படியே. திராட்சைப் பந்தலுக்குள் வழி தவறிப் போகிற கதை எனக்குத் தோன்றியது. 786பந்தல் என்று வைத்தேன். அவள் குமுளி மலையேறும் ஜீப்பை எடுத்துக்கொண்டு 786ஜீப் என்று வைத்தாள்.

மூன்றாம் நாளே, கதையை மாத்திக்கிருவோமா என்று வந்து நின்றாள். ஓடைப்பட்டியில் அவர்களுக்குத் தோட்டம் உண்டு. பந்தலின் ஒவ்வொரு கல்தூணும் அவளுக்குத் தெரியும். நான் திராட்சையைப் பார்த்ததெல்லாம் சந்தைக் கூடையில்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சரி என்றேன். சாஃப்ட்வேருக்குள் தலைப்புக்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதில் ஆளுக்கொரு புதுத் தலைப்பு அடித்தோம். ஃபைல் பெயரை மட்டும் தொடவில்லை. 786 போட்டுத் தொடங்கிய பெயரைக் கலைக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு பயம். ஆக, 786பந்தல் ஃபைலில் என் ஜீப் மலையேறியது. 786ஜீப் ஃபைலில் அவள் பந்தல் போட்டாள். சாஃப்ட்வேரைத் திறந்தால் தலைப்புகள் மட்டும்தான் தெரியும் என்பதால் ஃபைல் பெயர்களை அதற்குப் பிறகு நினைக்கவே இல்லை.

இரண்டு மாதம் போனது. என் ஜீப்பும் நன்றாகத்தான் வந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் டிரைவர் நம்மை இறங்கித் தள்ளச் சொல்வார். மாட்டேன் என்று அடித்தால் கதை அங்கேயே நின்றுவிடும். கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் லேப் சார் எல்லாவற்றையும் ஆடிப் பார்த்தார். என்னுடையதை ஐந்து நிமிடத்தில் முடித்து நல்லாருக்கு என்றார். அவளுடையதில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பந்தலுக்குள் மருந்தடித்த வாடையை வைத்து வழி கண்டுபிடிக்க வேண்டும். மனிதர் திரையைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். வகுப்பே சிரித்தது. அது என் பந்தல், நான் விட்டுக்கொடுக்காவிட்டால் இவளுக்கு ஏது என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும் நான் மட்டும் தங்கினேன். சாஃப்ட்வேருக்குள் அழிக்க வழியில்லை, ஃபோல்டரைத் திறக்க வேண்டும். திறந்தேன். 786பந்தல் கண்ணில் பட்டது. கை கூசியது. செய்யப்போகிற பாவத்துக்காக அல்ல, அந்த 786-க்காக. அதனால் முதலில் மூன்று எண்களையும் பெயரிலிருந்து எடுத்தேன். வெறும் பந்தல் ஆனது. பிறகு ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் அடித்தேன். அப்படி அடித்தால் குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாமல் அடியோடு போய்விடும்.

என் ஜீப்பை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று சாஃப்ட்வேரைத் திறந்தேன். என் தலைப்பைத் தட்டினால் ஃபைல் இல்லை என்றது. அவள் தலைப்பைத் தட்டினேன். பந்தல் நிழலும் மருந்து வாடையுமாக அப்படியே இருந்தது. கதையை மாற்றிக்கொண்ட அன்று ஃபைல் பெயரை மாற்றாமல் விட்டது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

வைரஸ் தின்றுவிட்டது என்று சொன்னேன். அந்தக் காலத்தில் எது காணாமல் போனாலும் வைரஸ்தான், யாரும் மேலே கேட்கவில்லை. அழுகை மட்டும் நிஜமாக வந்தது. அவள் என்னைவிட அதிகமாக அழுதாள். லேப் சாரை விடாமல் பிடித்து, ஒவ்வொரு மெஷினாகத் தேட வைத்தாள்.

கண்காட்சி அன்று காலை என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் திரைக்கு முன்னால் நிறுத்தினாள். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள். முதலில் என் பெயர், அதற்கடுத்து அவளுடையது.

"சார்ட்ட கேட்டேன், சரின்னுட்டாக. பந்தல் மொதல்ல ஒன்னோடதுதானடி," என்றாள்.

அதுதான் மதுரைக்குப் போனது, பரிசும் வாங்கியது. சான்றிதழிலும் என் பெயர்தான் முதலில் இருந்தது. அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினார். அவள் எனக்குப் பின்னால் நிற்பதை ஒரு தடவை பார்த்தாகிவிட்டது. நடந்ததை இன்று வரை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே மன்னித்துவிடுவாள். அதிலும் அவள்தான் முந்துவாள், அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.