உப்புக்குப் பின்னால் வரும் தண்ணீர்

அலுமாரிக்கு மேல் என் கணவர் மூச்சுக்குப் புகை இழுத்த நெபுலைசர் இயந்திரம் இருக்கிறது. சென்ற மாரியில் இவர் கண்மூடிய பிறகு அதை யாரும் இறக்கவில்லை. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அதன் உறுமலோடுதான் விடியும். இப்போது காகம் கத்தினால்தான் விடிந்தது தெரிகிறது.

சிறுவயதில் வந்த காய்ச்சல் இவர் நெஞ்சைப் பழுதாக்கிவிட்டது. சளி கட்டிக்கொண்டு வெளியே வராது. சளி என்றால் உடம்பில் தண்ணீர் கூடி வருகிற வருத்தம் என்பது இவரைப் பெற்ற மாமியின் தீர்ப்பு. குளிப்பு குறைந்தது, குடிக்கிற தண்ணீர் அரைக் குவளையானது, கடற்காற்று வருகிற யன்னலுக்கு ஆணி அடித்தாயிற்று. பகலெல்லாம் துறைமுகத்தில் உப்புக்காற்றில் நின்று வேலை செய்கிற மனிதருக்கு வீட்டில் இந்தக் காவல்! மாமிக்கு முன்னால் வாய் திறக்க எங்கள் இருவருக்குமே துணிவில்லை.

மாமி காலமான பின் பார்த்த நெஞ்சு டொக்டர், இளம் பெண், எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். மூச்சுக்குழாயின் உட்தோலில் மெல்லிய தண்ணீர்ப்படை இருக்க வேண்டுமாம். அதில் நுண்ணிய மயிர்கள் அசைந்து சளியை மேலே தள்ளுமாம். இவருக்கோ சளி வறண்டு பசையாகிக் கிடந்தது. உப்புநீரைப் புகையாக இழுத்தால், அந்த உப்பு உடம்பிலிருந்து தண்ணீரை அந்த உட்தோலுக்கு மேல் வரவழைத்துச் சளியை இளக்கும். "உப்பு போற இடத்துக்குத் தண்ணியும் பின்னால வரும், ஐயா," என்றார்.

அன்றே இவர் யன்னல் ஆணியைப் பிடுங்கினார். அதன்பின் ஒவ்வொரு காலையும் கதிரையில் குனிந்திருந்து புகை இழுப்பார். நான் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவேன். சளி இளகும்வரை எனக்கும் மூச்சு வராது.

"அப்ப நான் உப்பு, நீ தண்ணி. நான் போற இடமெல்லாம் பின்னால வருவாய்," என்று சிரிப்பார்.

"கதையை விட்டிட்டு இருமுங்கோ," என்பேன்.

இருமித் துப்பிவிட்டு ஒரு நீளமான மூச்சு எடுப்பார் பாருங்கள், அன்றைய நாளுக்கு எனக்கு அது போதும். சென்ற மாரியில் நியுமோனியா வந்தபோது உப்பும் உதவவில்லை, என் கையும் உதவவில்லை.

இன்று காலை இயந்திரத்தை இறக்கி, உப்புநீர் விட்டு, வெறும் கதிரைக்கு முன்னால் வைத்து ஓடவிட்டேன். விசர், பைத்தியம் என்பார்கள், சொல்லட்டும். உறுமல் கேட்டதும் கை தானாகக் குழிந்தது. தட்டுவதற்கு முதுகு இல்லை. புகை யன்னலால் துறைமுகப் பக்கம் போய்க் கரைந்தது.

"இந்த முறை உங்களுக்குப் பின்னால வர எனக்கு ஏலாமல் போச்சுது, இஞ்சாருங்கோ," என்றேன்.

உப்புநீர் தீரும்வரை அதை நிற்பாட்ட மனம் வரவில்லை.